குளந்தை

கம்பைநல்லூர்
11.3.1985

மதிப்பிற்குரிய கோவிந்தம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். நாம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. சுற்றேட்டில் 'சாட்டை' என்ற பெயரில் எழுதி வருகிறவன் நான்தான். இங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எதுவானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும்.

மொரப்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாதேஸ்வரன் அண்ணன் நேற்று அச்சகத்துக்கே வந்துவிட்டார். நம் சுற்றேட்டைத் தொடங்கி நடத்துகிறவர் அவர். மாவட்டம் முழுக்கப் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு நோட்டு. கைக்கு வந்தால் படித்து, நம் கருத்தை எழுதி, ஐந்து நாளில் அடுத்தவருக்குத் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நோட்டு தங்களிடம் வந்து நின்றுவிட்டது.

"ஜனவரி கடைசியில அந்தம்மா கைக்குப் போச்சுங்க சவுரி. மூணு கார்டு போட்டுட்டேன், ஒரு பதிலும் இல்லைங்க. உங்க சிவப்பு மையைப் பாத்துட்டுத்தான் அப்படியே வச்சிக்கிட்டாங்க. நீங்கதாங்க எழுதணும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்கிற குடும்பங்கள் கொலைகாரக் குடும்பங்கள் என்று நான் கட்டுரை எழுதினேன். அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டேன். தாங்கள் மறுத்து இரண்டு பக்கம் எழுதினீர்கள். மறுக்கலாம், தவறில்லை. ஆனால் இரண்டு பக்கத்தில் நாற்பத்தொரு பிழை. பிழையைக் கண்டால் என் கை நிற்காது. சிவப்பு மையில் சுழித்தேன். ஓரத்தில் வேடிக்கையாகச் சில குறிப்புகள் எழுதினேன். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொன்று எழுதிவிட்டார்களாம். அதற்கு நான் பொறுப்பாக முடியாது. பன்னிரண்டு பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்தால் கொஞ்சம் கிண்டலைத் தாங்கத்தான் வேண்டும்.

தங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். நோட்டை உடனே அடுத்தவருக்கு அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
சாட்டை

*

மல்லிதொட்டி
அஞ்செட்டி வழி
27.3.1985

'சாட்டை' அவர்களுக்கு,

கோவிந்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. இதை முதலில் நான் எழுதி, எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ராஜமேரி அக்காவிடம் கொடுத்தேன். அவர் திருத்தித் தந்தார். அதைப் பார்த்து இரண்டு முறை படியெடுத்தேன். இதில் சிவப்பு மைக்கு வேலை இருக்காது.

நான் படித்தது ஏழாவது வரை, கனகபுரம் பக்கம், கன்னடப் பள்ளிக்கூடத்தில். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தமிழ் எழுத்துகளைப் பார்த்தேன். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாள், இவைதான் என் பாடப்புத்தகங்கள். இப்போது பால்வாடியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் கன்னடம்தான். குழந்தையை 'மகு' என்போம். அந்தச் சொல்லில் எனக்குப் பிழை வராது.

சுற்றேடு வந்த அன்று பால்வாடியில் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் எழுதியது தபாலில் ஊர் ஊராகச் சுற்றி வருகிறது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். கட்டைப் பிரித்ததும் பெரியம்மாள் என்பவள், "நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்காங்க டீச்சர், சத்தமாப் படிங்க" என்றாள். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நான் 'என் குளந்தை' என்று எழுதியிருந்தேன். தாங்கள் அதைச் சுழித்து, 'குளத்தில் பிடித்ததோ?' என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒருவர் 'வலையிலா, தூண்டிலிலா?' என்று கேட்டிருந்தார். இன்னொருவர் மீன் படம் வரைந்து, அதற்கு ஒரு குல்லாயும் போட்டிருந்தார். 'அயிரையா, கெளுத்தியா?' என்று மற்றொருவர்.

பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். 'மலைப்பக்கத்துப் பெண்கள் படும் பாடு இப்போதுதான் தெரிந்தது, பஸ்ஸுக்கு எல்லாரும் சேர்ந்து மனுப்போடலாம்' என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினேன். நோட்டைப் பார்த்துக்கொண்டே, அங்கே இல்லாததை. பெரியம்மாள், "நல்ல ஜனங்க" என்றாள். வீட்டுக்கு வந்து நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். மாதேஸ்வரன் அண்ணனின் மூன்று கார்டுகளும் அங்கேதான் இருக்கின்றன.

தாங்கள் கொலைகாரர்கள் என்று எழுதியதற்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று சொன்னவள் அல்ல. எங்கள் ஊரிலிருந்து பதினெட்டு மைல். நான்கு வருடத்துக்கு முன், ஐப்பசியில், வலி கண்டவுடன் என் வீட்டுக்காரர் வண்டி கட்டினார். பாதி வழியில் ஓடையில் வெள்ளம். வண்டி இறங்க முடியவில்லை. கரையிலேயே பிறந்தாள். அரை மணி நேரம் இருந்தாள். தண்ணீர் வடிவதற்குள் போய்விட்டாள்.

இதைக் கடைசிப் பத்தியில்தான் எழுதியிருந்தேன். தாங்கள் அதுவரை படித்திருக்க மாட்டீர்கள். பிழை பார்க்கிறவர்களுக்குச் சில நேரம் எழுத்துதான் தெரியும், சேதி தெரியாது என்று ராஜமேரி அக்காவும் சொன்னார்.

நோட்டை அனுப்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
கோவிந்தம்மாள்

*

கம்பைநல்லூர்
2.4.1985

சகோதரி கோவிந்தம்மாள் அவர்களுக்கு,

சவுரியப்பன் எழுதுகிறேன். அதுதான் என் பெயர். அந்த இன்னொரு பெயரைப் போட்டு உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது.

உங்கள் கடிதத்தை அச்சகத்தில்தான் பிரித்தேன். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனா கையில் இருந்தது. இரண்டாம் பத்திக்கு வருவதற்குள் அதை மேஜையில் வைத்துவிட்டேன். முழுக்கப் படித்து முடித்தபோது, எதிரே அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர், "என்னங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா விடாமல் கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், நான் எழுதியதையும் சொன்னேன். சோற்றுத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "நம்ம இன்னாசியப் பத்தி எவனாச்சும் இப்பிடி எழுதியிருந்தா நீ சும்மா இருப்பியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்னாசியம்மாள் என் தங்கை. ஆறு வருடத்துக்கு முன் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். அவள் புகுந்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு தெருதான். 'எங்க வூட்டுல எவளும் ஆஸ்பத்திரில பெத்ததில்ல' என்று சொல்லி அனுப்பவில்லை. அந்தக் கோபத்தில்தான் கட்டுரையை எழுதினேன். ஒரு வீட்டின்மேல் இருந்த கோபத்தை ஊர் ஊராக எல்லார் வீட்டின்மேலும் கொட்டிவிட்டேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இப்படி ஒரு சாவைப் பார்த்தவனே இன்னொரு சாவைக் கிண்டல் செய்தான் என்றால் அது இன்னும் கேவலம்.

நீங்கள் நினைத்தது சரிதான். கடைசிப் பத்தியை நான் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் பிழைகளைச் சுழித்துக்கொண்டே போனேன், வேலை வந்தது, மூடி அனுப்பிவிட்டேன். படித்திருந்தால் அந்த வரி என் பேனாவிலிருந்து வந்திருக்காது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிடுங்கள். மாதேஸ்வரன் அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவரோடு சேர்த்து மற்ற பத்துப் பேருக்கும் தனித்தனியாக எழுதப்போகிறேன். அந்தப் பெண்களிடம் நீங்கள் படித்துக் காட்டிய வரி இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் எழுதியிருக்க வேண்டும்.

வருத்தத்துடன்,
ம. சவுரியப்பன்

*

மல்லிதொட்டி
19.4.1985

மதிப்பிற்குரிய சவுரியப்பன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. தங்கள் தங்கையைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. தங்கள் அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்லவும். ஒரு தெரு தாண்டினால் ஆஸ்பத்திரி என்று இருந்தும் அனுப்பவில்லை என்றால், அதைப் பெற்றவள் எப்படி மறப்பாள்?

தாளைக் கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்க முடியாது. ஒரு பக்கத்தில் தங்கள் சிவப்பு மை, அதே தாளின் பின்பக்கத்தில் என் மகள். கிழித்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். அவளைப் பற்றி எழுதியது உலகத்தில் அந்த ஒரு பக்கம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் தங்கள் கட்டுரையை மறுபடி படித்தேன். திட்டுகளுக்கு நடுவில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. 'தூரத்து ஊர்ப் பெண்கள் நாள் நெருங்கும் முன்பே போய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் தங்கிவிட வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி. அதற்கு முன்னால் மூடர்கள், பின்னால் கொலைகாரர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த வரியை யார் பார்ப்பார்கள்? நானே முதல் தடவை பார்க்கவில்லை. தங்களுக்கு என் பிழைகள் மட்டும் தெரிந்தது போல, எனக்குத் தங்கள் வசவு மட்டும் தெரிந்திருக்கிறது.

இங்கே கண்ணம்மாள் என்று ஒருத்தி, ஏழாம் மாதம். அவள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். அவளிடம் இந்த யோசனையைச் சொன்னேன். மாமியார், "பத்து நாளைக்கு முன்னாடியே போயிக் குந்திக்கிட்டா ஆட்டை யாரு பாக்கறது?" என்கிறாள். அந்த மாமியாரைத் தாங்கள் கொலைகாரி என்பீர்கள். எனக்குத் தெரியும், அவளுக்கு இருப்பது எட்டு ஆடுகள், வேறொன்றும் இல்லை. அவளைத் திட்டினால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறாள்.

ஆகவே தங்கள் கட்டுரையை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சுற்றேட்டில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அனுப்புகிறேன். மாதேஸ்வரன் அண்ணனுக்கும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கோவிந்தம்மாள்

*

கம்பைநல்லூர்
6.5.1985

அன்புள்ள சகோதரிக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். 'தாங்கள்' வேண்டாம், 'நீங்கள்' என்றே எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பத்துப் பேருக்கும் கார்டு போட்டேன். ஏழு பேர் வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறார்கள். இருவரிடமிருந்து பதில் இல்லை. மீன் வரைந்தவர் நேரிலேயே வந்துவிட்டார். பெயர் சின்னப்பராஜ், அரூர்ப் பக்கம், சுவர் விளம்பரம் எழுதுகிறவர். அச்சக வாசலில் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ஏங்க, எனக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லி எழுதறீங்க. மொதல்ல ஆரம்பிச்சது யாருங்க? நீங்க கதவத் தொறந்து வுட்டீங்க, நாங்க உள்ள வந்தோம். ஒங்க வரி இல்லைன்னா என் மீனு எங்கிருந்துங்க வரும்?"

"அதனாலதாங்க மொதல்ல நானே வருத்தப்பட்டு அவங்களுக்கு எழுதினேன்" என்றேன்.

அவர் முகம் அதற்குப் பிறகு மாறியது. அந்தக் குழந்தை எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். உங்களுக்கு எழுத அவருக்குத் தைரியம் வரவில்லையாம். முதல் கடிதத்தில் 'அதற்கு நான் பொறுப்பாக முடியாது' என்று எழுதினேனே, அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உங்கள் மறுப்புக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. போக முடியாதவர்களையும் போக விடாதவர்களையும் நான் ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன் என்கிறீர்கள். விடாதவர்களுக்குள்ளும் பயம் இருக்கும், எட்டு ஆடு இருக்கும், அதைக் கேட்காமல் பேசக் கூடாது என்கிறீர்கள். சரிதானே? தவறாக இருந்தால் திருத்துங்கள்.

அப்படியானால் என் கேள்வி இது. கேட்டுக்கொண்டே இருக்கும்போது நாள் வந்துவிட்டால்? எங்கள் இன்னாசி விஷயத்தில் பக்கத்து வீட்டார் ஒருவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் அவர்கள் பயந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். சில இடத்தில் கோபமும் வேண்டும். இதில் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். இப்படி எழுதுவது எனக்குப் புதிது. ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது.

கண்ணம்மாள் மாமியார் என்ன சொன்னாள்? அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
சவுரியப்பன்

*

மல்லிதொட்டி
24.7.1985

அண்ணன் சவுரியப்பன் அவர்களுக்கு,

வணக்கம். அம்மா சுகமா? முதலில் அவர்களிடம் இந்தச் சேதியைச் சொல்லுங்கள். கண்ணம்மாளுக்கு ஜூலை பதினொன்றாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

எட்டு நாள் முன்னதாகவே அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அவள் மாமியார் கிளம்புவதற்கு முந்தின நாள்வரை ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தை நினைத்துக்கொண்டு நான் ஒருநாள் அவளிடம் சத்தமே போட்டுவிட்டேன். "எம் பொண்ணு ஓடைக்கரையில செத்தா. உம் பேரனும் அங்கதான் சாவணுமா?" என்று கேட்டேன். அதுவரை நான் ஊருக்குள் யாரிடமும் என் மகளைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிழவியே மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

சில இடத்தில் கோபம் வேண்டும் என்றீர்கள். அது சரி, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கோபப்பட்டது இரண்டு மாதம் அவள் ஆட்டை மேய்த்த பிறகு. அதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அண்ணன் இல்லாத பெண்கள் எங்கே போய்த் தங்குவது என்பதற்கு உங்களிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

என் வீட்டுக்காரர் மாதுவுக்கு உங்கள் பெயரைச் சொன்னாலே பிடிக்காது. "எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு உனக்குக் கடுதாசி போடறான்?" என்பார். நேற்று அவரிடம் சொன்னேன், அவர் கெட்டவர் இல்லை, கடைசிப் பத்தியைப் படிக்காததால் வந்த வினை, படித்திருந்தால் அப்படி ஒரு வரி எழுதக்கூடிய ஆள் இல்லை என்று. அவர் கொஞ்சம் சமாதானமானார்.

ராஜமேரி அக்கா என் கடிதங்களில் இப்போது பிழை குறைந்திருக்கிறது என்கிறார். சுற்றேட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
கோவிந்தம்மாள்

*

கம்பைநல்லூர்
31.7.1985

கோவிந்தம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தை பிறந்த சேதியைக் கேட்டு அழுதாள், சிரித்தாள், மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நீங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். ஏன் விட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் படித்தேன்.

டிசம்பர் மாதம் ஒரு மத்தியானம். கரண்டு இல்லை, மெஷின் ஓடவில்லை. சுற்றேட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கிண்டல் தானாக வந்தது. எழுதினேன். அச்சுக் கோக்கிறவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உற்சாகத்திலேயே பின்பக்கத்துக்குப் போனேன். கடைசி வரிவரை படித்தேன். வண்டி, மழை, ஓடை, அரை மணி நேரம் எல்லாம் படித்தேன். புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது.

முன்பக்கத்துக்குத் திரும்பி வந்தேன். அந்த வரியை அடிப்பதற்குப் பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. நன்றாக வந்திருக்கிறதே என்று இருந்தது. பத்துப் பேர் ரசிப்பார்களே என்று இருந்தது. நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை என்பதும் அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்திருந்தது. பதில் இல்லாதவன் சிரிப்புக் காட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். நோட்டை மூடி, உறை போட்டு, நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தூரம் முழுக்க அடிக்க நேரம் இருந்தது.

மார்ச்சில் நீங்களே 'படித்திருக்க மாட்டீர்கள்' என்று எழுதினீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது வெட்கம் இல்லை, நிம்மதி. பிடித்துக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு பெண்ணைக் கிண்டல் செய்தேன் என்று சாமியாரிடம் சொன்னேன், இந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சின்னப்பராஜ் தலை குனிந்து போனாரே, அவருக்குத் தெரியாமல் செய்தார். நான் தெரிந்து செய்தேன். அவரை வருத்தப்பட வைத்துவிட்டு நான் நல்லவன் மாதிரி நின்றேன்.

நீங்கள் என்னை அண்ணன் என்று எழுதியதும், உங்கள் வீட்டுக்காரரிடம் எனக்காகப் பேசியதும் இனிமேல் தாங்காது. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கிறேன். கேட்கத் தகுதி இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். சுற்றேட்டிலிருந்து விலகிக்கொள்வதாக மாதேஸ்வரன் அண்ணனுக்கு எழுதிவிட்டேன்.

சவுரியப்பன்

*

மல்லிதொட்டி
20.8.1985

சவுரியப்பன் அவர்களுக்கு,

வணக்கம். இந்த கடிதத்தை ராஜமேரி அக்காவிடம் காட்டவில்லை. அவர் படிக்க வேண்டியது இல்லை. அதனால் பிளை இருக்கும். எனக்கு அந்த ஒரு எளுத்து எப்போதும் வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் கடைசி வரை படித்தது எனக்கு முதல் நாளே தெரியும். கடைசி பத்தியிலும் உங்கள் சிவப்பு சுளி நாலு இருக்கிறது. 'மளை' மேல் ஒன்று. 'பாதி வளி' மேல் ஒன்று. இன்னொன்று என்ன என்று மறந்துவிட்டது. 'செத்து போச்சு' என்று நான் எளுதியதில் நடுவில் ஒரு ப் விட்டுப்போச்சு என்று அங்கே ஒன்று போட்டு ப் எளுதி இருக்கிறீர்கள். நோட்டு என் கையில்தானே இருந்தது. நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

தெரிந்துதான் படித்திருக்க மாட்டீர்கள் என்று எளுதினேன். முகம் தெரியாத ஒருவரை தலை குனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் வெளியே போக ஒரு வளி விட்டேன். போகாமல் நிற்பீர்கள் என்று கொஞ்சம் நினைத்தேன். நீங்கள் அந்த வளியாகவே போய்விட்டீர்கள். குளத்தில் பிடித்ததோ என்று எளுதியதை விட அதுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

போன மாதம் வீட்டுக்காரரிடம் சொன்னேன் என்று எளுதினேனே, அதுவும் வேண்டும் என்றே எளுதியதுதான். அவரிடம் நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. நானும் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அது எனக்கும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இப்போதாவது சொல்வீர்களா என்று பார்த்தேன். சொல்லிவிட்டீர்கள். யாரும் கேட்காமல் சொன்னீர்கள். இல்லை, நான்தான் கேட்டேன். ஆனால் நீங்கள் அது தெரியாமல் சொன்னீர்கள்.

மன்னிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. காலையில் களி கிண்டும்போது மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது. மத்தியானம் பால்வாடியில் பிள்ளைகளை தூங்க வைக்கும்போது இல்லை என்று இருக்கிறது. இதில் சும்மா ஒரு வார்த்தை எளுதி உங்களை சமாதானம் செய்ய விருப்பம் இல்லை.

இனிமேல் எனக்கு தனியாக கடிதம் போட வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. தபால்காரர் வந்தால் உங்கள் கடிதமோ என்று பார்க்கிற பளக்கம் எனக்கு வந்துவிட்டது. அது வேண்டாம். அண்ணன் என்றும் இனி என்னால் எளுத முடியாது.

ஆனால் சுற்றேட்டை விட்டு போகாதீர்கள். மாதேஸ்வரன் அண்ணனிடம் நான் அப்படித்தான் எளுதி இருக்கிறேன். நீங்கள் போய்விட்டால் உங்களுக்கு வெட்கம் குறையும். எனக்கு என்ன கிடைக்கும்? கண்ணம்மாள் விசயத்தில் நீங்கள் கேட்ட கேள்வி மாதிரி வேறு யாரும் அங்கே என்னை கேட்டதில்லை. அந்த கேள்வி எனக்கு வேண்டும்.

உங்கள் அம்மா உங்களோடு பேசுகிறார்களா? பேசவில்லை என்றால் நான் பேச சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நோட்டை நேற்று அனுப்பிவிட்டேன். அந்த தாளை கிளிக்கவில்லை. உங்கள் சிவப்பு மைக்கு கீளே எதுவும் எளுதவும் இல்லை. பதினேளாம் பக்கத்தில் புதிதாக எளுதி இருக்கிறேன். ஊர் தூரம், பஸ் ஒன்று, தங்க இடம் இல்லாத பெண்கள், நீங்கள் சொன்னதில் எது சரி, எது எங்கள் பக்கம் ஒத்து வராது, எல்லாம் இருக்கிறது. நாலு பக்கம் வந்துவிட்டது. உங்களிடம் அக்டோபரில் வரும். நீங்கள் சொன்னதை மூன்று இடத்தில் மறுத்து இருக்கிறேன். உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்றால் அங்கேயே எளுதுங்கள். நான் படித்து, அங்கேயே பதில் எளுதுவேன்.

கோவிந்தம்மாள்